திருஷ்டிக்குப் போன கற்றாழை

மே 4, ஞாயிறு

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. காலையில் குன்னத்திலிருந்து நாத்தனார் வந்தார். ஊதா நிறக் கோன்பிளவர் பூச்செடிகளுக்கு முன்னால் முள் கற்றாழையை வரிசையாக நட்டிருக்கும் என் பாத்தியைப் பார்த்து, "எவ்ளோ அழகா இருக்கு!" என்றார். எனக்கும் பெருமைதான். குளித்துவிட்டு வந்தால், இருந்ததிலேயே பெரிய கற்றாழையை வேரோடு பிடுங்கி வாசல் நிலையில் தலைகீழாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

"என்னங்க அண்ணி இது?"

"கண்ணு பட்டுடும்ல? என் கண்ணே பட்டிருக்கும்!"

வேலியில்லாத பாத்திக்கு அந்த முள்தான் காவல். சாயங்காலம் கற்றாழையைப் பிடுங்கிய சந்து வழியாக அடுத்த வீட்டு ஆடு புகுந்து, ஒரு பூ விடாமல் மேய்ந்துவிட்டது.

ஓடிவந்து பார்த்தவர் சொல்கிறார்: "நான் சொல்லல? அதுக்குள்ள கண்ணு பட்டுடுச்சு பாரு! காலையில இன்னொண்ணு பிடுங்கிக் கட்டுவோம்."