கண்ணில் தேங்கிய ரத்தம்

மாசி 10, திங்கள்
காலையிலேயே வெயில். காற்றெல்லாம் பஞ்சுத் தூசி. ஜின்னிங் பாக்டரியில் பருத்தி வரத்து அதிகம். எடை எழுதும்போது கை நடுக்கம். மேஸ்திரி கணக்கைப் பார்க்கிற சாக்கில் குனிந்து என் வாயை மோந்தான். மதுவிலக்கு வந்த பிறகு ஊருக்கே இதுதான் வேலை. சீ!

கண்ணாடி பார்த்தேன். முழி வெளியே தள்ளி, வெள்ளையெல்லாம் சிவப்புச் சிவப்பாய் நரம்பு. கறிக்கடையில் கிடக்கும் ஆட்டுத்தலை மாதிரி. எனக்கே குமட்டல்.

மாசி 11, செவ்வாய்
சூடுதான் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் தாய்ப்பால் வாங்கி வந்து கண்ணில் விட்டாள். பிசுபிசுப்பு. ஈ. தூங்கும்போதும் என் இமை மூடுவதில்லையாம், பாக்கியம் சொல்கிறாள். கட்டிய பெண்டாட்டியே திரும்பிப் படுக்கிறாள்.

சோப்பு வாங்க வேண்டும்.

மாசி 14, வெள்ளி
திருநெல்வேலி. கண் டாக்டர் முதலில் தடவியது கழுத்தை! தைராய்டு என்று ஒரு சுரப்பியாம், அதில்தான் கோளாறு. கை நடுக்கம், படபடப்பு, மெலிவு எல்லாம் அதனால்தான்.

"கண்ணுக்குப் பின்னால தசை வீங்கியிருக்கு. எலும்புக் குழிக்குள்ள இடம் ஏது? முழியை வெளியே தள்ளுது. ரத்தம் திரும்பிப்போற குழாயை நெரிக்குது. போக வழியில்லாம தேங்கி நிக்குற ரத்தம்தான் இந்தச் சிவப்பு."

"நான் குடிக்கிறதில்ல சார்" என்றேன்.

"நான் கேக்கவே இல்லையே."

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா, "சரிலே, சாப்பிடு."

மாசி 16, ஞாயிறு
தங்கை வள்ளியைப் பெண் பார்க்க ஓட்டப்பிடாரத்திலிருந்து வந்தார்கள். பிடித்துவிட்டது. என் மூஞ்சியைப் பார்த்து ஓடிவிடுவார்கள் என்று பயந்திருந்தேன். மாப்பிள்ளையின் அப்பா என்னைக் கொல்லைப்பக்கம் தள்ளிக்கொண்டு போனார். தோளில் கை.

"தம்பி, கண்ணப் பாத்ததுமே நம்மாளுன்னு தெரிஞ்சுபோச்சு. எங்க பயலும் பொழுது சாஞ்சா போட்டுக்கிடுவான். போட்டா கொஞ்சம் கைநீட்டுவான். மத்தபடி தங்கம். நீங்க தப்பா நெனைக்க மாட்டீய. ஆமா, இங்கன சரக்கு எங்க கிடைக்கும்?"

கையைத் தட்டிவிட்டேன். அந்த ஆள் சிரிக்கிறார்! அவர்கள் போனதும் சட்டையைக் கழற்றி ஊறப்போட்டேன்.

மாசி 17, திங்கள்
வேலைக்குப் போகவில்லை. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். குடித்துவிட்டு அடிக்கிறவனாம், இந்தச் சம்பந்தம் வேண்டாம்.

அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "ஏலே, நீ குடிக்கலையா? உம் பொண்டாட்டி உங்கூடக் குடும்பம் நடத்தலையா?"

மறுபடி சொன்னேன். கழுத்து, தசை, தேங்கின ரத்தம். கத்தியே சொன்னேன்.

"கண்ணு செவந்ததுக்குக் கழுத்துல கோளாறாம்லா! யார்ட்டலே கத விடுத?"

பாக்கியத்தைப் பார்த்தேன். குனிந்து புளி கரைத்துக்கொண்டிருந்தாள். இவர்களோடுதான் இத்தனை நாள் ஒரே வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். அருவருப்பாக இருக்கிறது.

அம்மா நாள் குறிக்கக் கிளம்பிப் போனாள். வள்ளி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். என்னைச் சமாதானப்படுத்துகிறாளாம்.

"விடுண்ணே. நீ எவ்வளவு குடிச்சாலும் மதினிய ஒரு நாளாவது அடிச்சிருக்கியா? அவியளும் ஒன்ன மாதிரிதான் இருப்பாவ."