வெள்ளிக்கிழமை வாசித்த ஓலை

திங்கள், அக்டோபர் 13

சாமுவேல்ராஜின் கல்யாண ஓலையை ஏற்க முடியாது. உறுதியான தகவல். ஆதாரம்: பெண் ஊர்ச் சேகர குரு, அந்தக் கோயில் பாதிரியார். காலையில் நானே போனில் பேசினேன். இரண்டு தடவை கேட்டு உறுதி செய்தேன்.

வெளியே மூடுபனி. மலை இல்லை, குவாரி இல்லை, எதிர்க் கட்டடமும் இல்லை.

விவரம், பின்னால் குழம்பாமல் இருக்க. கல்யாணம் இந்த மாதம் 29, சாத்தான்குளம் பக்கம், பெண் ஊர்க் கோயிலில். அதற்கு முன் இரு வீட்டார் சபையிலும் மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசிக்க வேண்டும்: இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை அறிந்தவர் சொல்லலாம் என்று. பெண் பக்கம் முடிந்தது. மாப்பிள்ளைக்குச் சபை என்றால் எட்டு வருடமாக ராஸ் அல் கைமாவில் எங்கள் சபைதான். இங்கும் மூன்று முறை வாசித்து, சான்றிதழும் அனுப்பியாயிற்று.

ஆனால் நாங்கள் கூடுவது வெள்ளிக்கிழமை. நாட்டுக்கு வார விடுமுறை சனி, ஞாயிறு என்று மாறிச் சில வருடங்கள் ஆகின்றன. எங்கள் குவாரிக்காரர்களுக்கு இன்னும் வெள்ளிதான். ஆகவே வரப்போகும் ஞாயிற்றின் பாடங்களை வெள்ளியிலேயே வாசித்து, அந்த நாளையும் அந்த ஞாயிற்றின் பெயராலேயே சொல்லி வருகிறோம். செயலாளர் தங்கதுரை சான்றிதழில் எழுதியது: 'திரித்துவத்துக்குப் பின் வரும் 14, 15, 16ஆம் ஞாயிறுகள்.' பக்கத்தில் தேதி: செப்டம்பர் 19, 26, அக்டோபர் 3. மூன்றும் வெள்ளி. சேகர குரு காலண்டரைப் பார்த்துவிட்டார்.

அவர் சொன்னது: "பொய்ச் சான்றிதழ்னு நான் சொல்லலம்மா. ஆனா ஞாயிறுன்னு எழுதி வெள்ளிக்கிழமைத் தேதி போட்டிருக்கு. கையெழுத்துப் போட வேண்டியவன் நான். நாளைக்கு ஒருத்தன் கிளப்பினா அந்தப் பிள்ளைக கல்யாணம்லா கேள்விக்கு வரும்?"

அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அதுதான் எரிச்சல்.

நேற்றே தெரிந்திருந்தால் 12, 19, 26 என்று மூன்று ஞாயிறு கையில் இருந்தது. இப்போது இரண்டு.

சாமுவேல்ராஜ் என்னை ஏன் பேச வைத்தான் என்பதையும் எழுதி வைக்கிறேன். விடிந்ததும் கேம்ப் பஸ்ஸிலிருந்து அழைப்பு. "அக்கா, நீங்க பேப்பர்ல நிருபரா இருந்தவங்க. நான் கேட்டா சமாதானம் சொல்லுவாக. நீங்க கேட்டா விசயத்தச் சொல்லுவாக."

வாங்க வேண்டியவை: தேங்காய், காஸ் ரெகுலேட்டர், பேத்திக்கு ஸ்கெட்ச் பேனா.

செவ்வாய், 14

பெண்கள் ஐக்கிய சங்கம், தங்கதுரை வீட்டில். அவர் மனைவி ஸ்டெல்லாவின் சுக்குக் காப்பி. பேச்சு முழுக்க அறுப்பின் பண்டிகை. அன்று எல்லாருக்கும் அசனம். சாம்பாரா, மட்டனா என்று ஒரு மணி நேரம். போன வருடம் நெய்ச்சோறு அடிப்பிடித்ததை யாரும் மறக்கவில்லை. ஒருத்தி: "அத அடிப்பிடிச்சதுன்னு சொல்லாதீக. அண்டாவே வெந்து போச்சு."

முடிவு: சாம்பார், அவியல், பாயசம். சமையல் வழக்கம்போல முருகன்.

ஸ்டெல்லா என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய்: "மனுசன் நேத்துலருந்து வாயில ஒண்ணும் வைக்கல. நீங்களாவது சொல்லுங்க."

தங்கதுரை பால்கனியில். செராமிக் ஆலையில் ஸ்டோர் கீப்பர். ஓர் ஓடுகூட எண்ணிக்கையில் குறையவிடாதவர்.

"நான் எங்கக்கா தப்புப் பண்ணினேன்? இருவது வருசமா எனக்கு வெள்ளிக்கிழமைதான ஞாயித்துக்கிழமை. ஐயரு அங்கி போட்டு நிக்காரு. காணிக்கை எடுக்கோம். ராப்போசனம் வாங்குதோம். அது என்ன, டூப்ளிகேட் கிழமையா?"

"கிழமைல தப்பில்ல. தேதியப் பாத்திருக்கணும்."

"பாத்தேன்க்கா. பாத்துத்தான் எழுதினேன். தப்பாத் தெரியலயே."

இதை யோசித்தபடியே டாக்ஸியில் வந்தேன். கவனக்குறைவு என்றால் திட்டிவிடலாம். இவர் கவனமாக இருந்து செய்திருக்கிறார்.

இறங்கும்போது குடையை டாக்ஸியில் விட்டுவிட்டேன். இந்த ஊரில் குடை எதற்கு எடுத்தேன் என்றும் தெரியவில்லை.

புதன், 15

புழுக்கம். முழங்கால் வலி.

டியூட்டி முடிந்து சாமுவேல்ராஜ் வந்தான், கூடவே ரூமில் உடனிருக்கும் முருகன். சாமுவேல்ராஜ் குவாரியில் லோடர் ஓட்டுகிறான். முகம் கழுவியும் புருவத்தில் கல்மாவு வெள்ளையாக நிற்கிறது. பேத்தி பார்த்துவிட்டு, "ஓல்ட் மேன்," என்றாள். அவன் சிரித்தான், கண் சிரிக்கவில்லை.

அவன் சொன்னதன் சுருக்கம். போன வருடமும் தேதி வைத்தார்கள். கம்பெனி லீவு தரவில்லை. பத்திரிகை அடித்தது வீணாயிற்று. இந்த லீவு விட்டால் அடுத்தது இரண்டு வருடம் கழித்து. பெண்ணின் அப்பா போன தடவையே சொல்லிவிட்டார், மூன்றாவது தேதி என்று ஒன்று இல்லை என்று.

பெண் ஜாஸ்மின். ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அவள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை அவனே போட்டுக் காட்டினான், என் முகத்தைப் பார்க்காமல். "அப்பாட்ட இன்னும் சொல்லல. என்ன செய்வீகளோ, ஏது செய்வீகளோ. இன்னொரு தடவ கார்டு அடிச்சு ஸ்கூல்ல குடுக்க என்னால முடியாது. போன தடவ வாங்கின கிப்டையே இன்னும் வச்சிருக்கேன்."

அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். முருகன்: "எங்களுக்கு வளர்பிறை பாக்கணும்கிறாய்ங்க. உங்களுக்கு ஞாயித்துக்கெழம பாக்கணும்கிறாய்ங்க. கல்யாணம்னா எல்லாப் பயலுக்கும் ஏதாச்சும் ஒரு நாளு குறுக்க வந்து படுத்துக்கிருது." ராமநாதபுரத்துக்காரன். கோயிலுக்கு வருவது அசனம் சமைக்க மட்டும்.

மாலை: எங்கள் சபைக் குருவான ஐயர் ஷார்ஜாவிலிருந்து பேசினார். மாதத்தில் இரண்டு வெள்ளி வந்து போகிறவர். சேகர குருவுடன் நீண்ட பேச்சாம். ஒத்துக்கொண்டது: 19, 26 இரண்டு நாளும் இங்கே நிஜ ஞாயிற்றில், சபை கூடி, ஓலை வாசித்தால் அவற்றை ஏற்பார். மூன்றாவதற்கு ஆயர் விலக்குத் தர வேண்டும். மனுவை இன்றே அனுப்பிவிட்டார்கள்.

"நிஜ ஞாயிறுன்னு அவர் சொன்னாரு. நானும் சரின்னுட்டேன்," என்றார் ஐயர். பிறகு, "அப்போ நான் இவ்வளவு காலம் பிரசங்கம் பண்ணினது எந்தக் கிழமைலம்மா?"

வெள்ளி, 17

ஆராதனை. ஏசி மறுபடி ஒழுகியது; பாடகர் குழுவுக்கு நடுவே பக்கெட். ஆல்டோ பாடுகிறவர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள்.

ஐயர் அறிவிப்பு: ஞாயிறு மாலை விசேஷ ஆராதனை. கட்டடத்தில் அன்று மாலை மலையாளச் சபையின் முறை. தங்கதுரை போய்க் கேட்டிருக்கிறார். அவர்கள் செயலாளர், "கல்யாணக் காரியமல்லே," என்று தங்கள் நேரத்திலேயே முக்கால் மணி தந்துவிட்டார்.

ஓய்வுநாள் பள்ளிக் குழந்தை ஒன்று என்னிடம்: "ஆன்ட்டி, சண்டே மலையாளம் பீப்பிளோட டே தானே? நாம ஏன் வர்றோம்?" பிஸ்கட் கொடுத்தேன்.

இடம் கிடைத்தது, ஆள்தான் பிரச்சினை. ஞாயிறு எல்லாருக்கும் டியூட்டி. காப்பி நேரத்தில் ஐயர் ஆண்களிடம்: "நானும் தங்கதுரையும் ரெண்டு பெஞ்சும் இருந்தா அதச் சபை கூடினதுன்னு என்னால எழுதிக் குடுக்க முடியாது. ஒருதடவ எழுதிப் பட்டது போதும்." சிரித்தார்கள். பிறகு காப்பிக் கப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாருக்கு எந்த ஷிப்ட், யாருடைய ஃபோர்மேன் எப்படிப்பட்டவன் என்று ஒவ்வொருவனும் மனதுக்குள் கணக்குப் போடுவது தெரிந்தது. வருகிறேன் என்று யாரும் சொல்லவில்லை. தங்கதுரை தலைகளை எண்ணிக்கொண்டே இருந்தார், ஸ்டோரில் எண்ணுவதுபோல.

சாமுவேல்ராஜ் யாரையும் கூப்பிடவில்லை. "எனக்காக ஒருத்தன் சம்பளம் பிடிக்க வச்சிரக் கூடாதுக்கா."

ஞாயிறு, 19

காற்று. மலைப் பக்கமிருந்து தூசி. மதியம் முழுக்க ஜன்னல் சாத்தி வைத்தோம்.

சீக்கிரமே போய்விட்டேன். மலையாளச் சபையின் கடைசிப் பாட்டு நடந்துகொண்டிருந்தது. வாசலில் தங்கதுரை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் புதுப் பேனா. குடும்பங்கள் வந்தன: பெண்கள், குழந்தைகள், பக்கெட்டை ஞாபகமாகக் கொண்டுவந்த ஸ்டெல்லா. ஆண்கள் இல்லை. ஐயர் அங்கி மாட்டிக்கொண்டே ரோட்டைப் பார்த்தார்.

அப்புறம் கேம்ப் பஸ். இரவு ஷிப்டுக்குப் போகிற பஸ். டிரைவர் மலபார்க்காரர், வழியை மாற்றிக் கொண்டுவந்துவிட்டார். ஹெல்மெட்டும் பூட்ஸுமாக இறங்கினார்கள். "அரை மணிதான் ஐயரே. அதுக்கு மேல ஆச்சுன்னா எங்களுக்கும் வேற ஓலைதான் வரும்," என்றான் ஒருவன்.

சாமுவேல்ராஜ் கடைசியில். அவன் லோடரைப் பெஷாவர்க்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டாராம். "ஷாதி ஹை? யல்லா, ஜாவ் பாய்," கல்யாணமா, கிளம்பு என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டாராம்.

முருகனும் வந்திருந்தான். குளித்து, விபூதி வைத்து. "தடை சொல்றவுங்க சொல்லலாமாம்லக்கா? கூட இருந்து கஷ்டப்படுறவன் நானு. கொறட்ட விடுறான்னு எந்திரிச்சுச் சொல்லிப்புடவா?"

"சொல்லேன். அப்புறம் உன் அவியல யாரு சாப்பிடுவா?"

ஓலை. ஐயர் நிதானமாக வாசித்தார், இரண்டு பேர், தகப்பன்மார் பெயர், ஊர். தடை அறிந்தவர்கள் அறிவிக்கலாம் என்று நிறுத்தினார். வழக்கமாக அடுத்த மூச்சிலேயே பாட்டு எண் சொல்லிவிடுவார். இன்று காத்திருந்தார். பின்வரிசையில் மலையாளச் சபையார் சிலர் போகாமல் நின்றார்கள். பெஞ்சுக்கு அடியில் ஒரு ஹெல்மெட் உருண்டு நின்றது.

இந்த நேரத்தில் எப்போதும் நான் அடுத்த பாட்டைத் தேடிக்கொண்டிருப்பேன். இன்று சுற்றிப் பார்த்தேன். காய்ச்சலில் அவனுக்குக் கஞ்சி வைத்தவன், அவனோடு சண்டை போட்டு மாதக்கணக்கில் பேசாமல் இருந்தவன், அவன் ஊருக்குப் பேசுவதைத் தினமும் கேட்பவன். தடை என்று ஒன்று இருந்திருந்தால் சொல்லக்கூடியவர்கள் உலகத்தில் இவர்கள்தான். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அவன் குனிந்திருந்தான், காது சிவந்து. பிறகுதான் சொன்னான்: முந்தைய மூன்று வெள்ளியும் லீவுக்கு நாள் சேர்க்க டியூட்டி பார்த்தானாம். தன் ஓலையை இன்றுதான் காதால் கேட்கிறான்.

"அவ பேர இவ்வளவு பேருக்கு முன்னால கேட்டதும் ஒரு மாதிரி ஆயிட்டுக்கா."

தங்கதுரை எழுதினார். தேதி, அடுத்து கிழமை. எழுதிவிட்டுப் போனை எடுத்துக் காலண்டரைப் பார்த்தார்.

திங்கள், 20

தீபாவளி. முருகன் அதிரசம் கொண்டுவந்தான், கல் மாதிரி. "குவாரி மாவுல சுட்டியா?" என்றாள் மகள். "இல்லக்கா, இந்த ஊரு வெல்லம் சரியில்ல," என்று இரண்டு தடவை சொன்னான்.

ஆயர் அலுவலகம் விடுமுறை. மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை.

செவ்வாய், 21

அலுவலக எழுத்தர்: மனு மேசையில் இருக்கிறது, ஆயர் வெளியூர். "குடுக்க மாட்டார்னு நான் சொல்லலம்மா. குடுப்பார்னும் சொல்ல மாட்டேன்." என் வேலையில் இதைவிடத் தெளிவான வாக்கியங்களை மந்திரிகளிடமிருந்து வாங்கியிருக்கிறேன்.

ஜாஸ்மின் நேற்று அப்பாவிடம் சொல்லிவிட்டாளாம். கோபப்படவில்லை என்கிறாள். பந்தல்காரரை மட்டும் கூப்பிட்டு, கம்பு ஊன்றுவதை நிறுத்தி வைத்திருக்கிறார்.

பாடகர் குழு: அறுப்பின் பண்டிகைப் பாட்டுக்குத் தபேலா வேண்டுமா என்று தகராறு.

புதன், 22

வெயில் இறங்கிவிட்டது. மாலையில் கடற்கரை வரை நடந்தேன்.

சாமுவேல்ராஜ் பெட்டி கட்டிவிட்டான். அம்மாவுக்குப் போர்வை, ஜாஸ்மினுக்குச் சென்ட், மாமனாருக்கு டார்ச். "டார்ச் வேண்டாம்டா," என்றேன். "கேட்டிருக்காருக்கா. தேதி வைக்கும்போது கேட்டாரு." எடுத்து வைத்ததைத் திரும்ப வெளியே எடுக்க மனம் வரவில்லை போல.

26ஆம் தேதிக்கு அவன் இங்கே இருக்க மாட்டான். ஓலை இருக்கும். பஸ் டிரைவர் அன்றும் வருகிறேன் என்றிருக்கிறார். மலையாளச் சபை அன்றும் நேரம் தருகிறது. இந்த முறை அவர்களும் இருந்து பாடுவார்களாம்.

உறுதியானவை: முதல் ஓலை. இரண்டாவதற்கு இடமும் ஆளும். வெள்ளி இரவு அவன் விமானம்.

உறுதியாகாதது: மூன்றாவது. ஆயர் நாளை இரவு ஊர் திரும்புகிறார். பதில் வெள்ளி காலை. ஆதாரம்: அதே எழுத்தர், இன்று நான்கு மணிக்கு.

அவனுக்குப் போன் செய்து சொன்னேன். லோடர் சத்தம் நின்றது.

"வெள்ளியா?" என்றான். "அப்போ நாம கோயில்லதான்க்கா இருப்போம்."