பால் பண்ணை வீட்டில் இரும்புப் பஞ்சம்

அன்புள்ள நீல்ஸ்,

நாங்கள் எல்லோரும் சுகம், மாடுகள் உட்பட. நீயும் நியூசிலாந்தில் வேளைக்குச் சாப்பிட்டு, கம்பளிச் சட்டையைப் பெட்டியிலேயே பூட்டி வைக்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டு சுகமாக இருக்க ஆண்டவர் துணையிருக்கட்டும். போனில் சொல்லாமல் எதற்கு அம்மா கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் அப்பா தோளுக்குப் பின்னால் வந்து நின்று பாதிப் பேச்சில் மழையைப் பற்றி ஆரம்பித்துவிடுகிறார், உன் தங்கை டில்லியோ சோபாவுக்குப் பின்னால் படுத்துக்கொண்டு ஒட்டுக்கேட்கிறாள். விஷயமே அவளைப் பற்றியது, அதனால்தான் பேனாவை எடுத்தேன், பொறுமையாகப் படி, உன் அப்பாவைப் பற்றிச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள், ஆனால் அவரிடம் சொல்லிக் காட்டாதே.

நீ அங்கே போன பிறகு டில்லிக்குப் பள்ளிக்கூடம் சரிப்பட்டே வரவில்லை. நாலாம் வகுப்பு, இன்னும் ஒரு பக்கம் வாசிப்பதற்குள் நாற்காலியிலிருந்து நழுவி மேசைக்கு அடியில் போய்விடுகிறாளாம். மத்தியானம் ஆனால் கையை மடித்துத் தலையை வைத்துத் தூக்கம், எழுப்பினால் கோபம், ஒருநாள் ஷூவைக் கழற்றி ஜன்னல் மேல் எறிந்திருக்கிறாள். அவள் டீச்சர் மிஸஸ் ஹால்வர்சன் நல்ல பெண்மணிதான், ஆனால் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மே மாதக் கடைசியில் ஒரு கூட்டம் போட்டு முடிவெடுக்கப் போகிறோம், டில்லியைப் பக்கத்து ஊர்ப் பள்ளியில் இருக்கிற தனி வகுப்புக்கு அனுப்புவதுதான் அவளுக்கு நல்லது என்று தோன்றுகிறது என்றாள். பக்கத்து ஊர் என்றால் இருட்டோடு பஸ் ஏற வேண்டும், தோழி ஒருத்திகூட அங்கே கிடையாது. உன் அப்பா மட்டும் தொப்பியைத் திருகிக்கொண்டே, என்னென்ன சோதிச்சுப் பாத்தீங்க என்று கேட்டார். கட்டைகளை அடுக்கச் சொன்னோம், படம் பார்த்துக் கதை சொல்லச் சொன்னோம், அரைமணி நேரம் உட்காரவைத்துப் பார்த்தோம் என்றாள். அவ்வளவுதான், இவருக்கு வந்ததே கோபம். என் மாடு ஒண்ணு பால் கறவையில உதைச்சா முதல்ல தீவனத்தைச் சோதிப்பேன், அப்புறம் ரத்தத்தைச் சோதிப்பேன், தண்ணியைச் சோதிப்பேன், நீங்க என்னடான்னா நாற்காலியைச் சோதிச்சுட்டு வந்து பேசுறீங்க என்று சொல்லிவிட்டார். டாக்டரிடம் காட்டி ரிப்போர்ட் கொண்டுவாருங்கள், கூட்டத்தில் அதையும் வைத்துப் பேசலாம் என்று டீச்சர் ஒப்புக்கொண்டாள்.

விஷயம் எப்படியோ உன் ஆர்டிஸ் அத்தை காதுக்குப் போயிற்று. மறுநாளே கத்தரிக்கோலோடு வந்து நின்றாள். தலைமுடியை வெட்டித் தபாலில் அனுப்பினால் உடம்பில் உள்ள எல்லா உலோகத்தையும் கண்டுபிடித்துச் சொல்கிற ஆள் ஒருத்தர் இருக்கிறாராம், அவள் சிநேகிதியின் பேரன் ஒரே மாசத்தில் வயலின் வாசித்துவிட்டானாம். சொல்லி முடிப்பதற்குள் டில்லியின் பின்னந்தலையில் ஒரு கொத்தை எடுத்துவிட்டாள், இன்னும் அங்கே எலி கடித்த மாதிரி இருக்கிறது. பதில் வந்தது, இந்தப் பிள்ளை உடம்பில் செம்பு தாறுமாறாக ஏறியிருக்கிறது, உடனே இன்னின்ன மாத்திரை எங்களிடமே வாங்குங்கள் என்று. நம் தீவனக்காரர் வெஸ்லி அன்றைக்குத்தான் வந்திருந்தார், அதை வாங்கிப் பார்த்துவிட்டு, ஏம்மா வெர்னா, மாட்டுக் குளம்பு கழுவுற செம்பு கலந்த நீல மருந்து தொட்டிக்குள்ள இந்தப் பொண்ணு குச்சி விட்டுக் கலக்கிக்கிட்டே இருக்காளே, அதே கையால தலையையும் சொறியறா, முடியில செம்பு இல்லாம பின்ன தங்கமா இருக்கும் என்றார். அத்தைக்கு முகம் சுண்டிப்போயிற்று. வெஸ்லி அதோடு விட்டாரா, வேணும்னா நானே அவளுக்கும் ஒரு தீவனக் கலவை கணக்குப் போட்டுத் தரேன் என்றார், உன் அப்பா ஒரு நிமிஷம் யோசித்தார் பார், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆக டாக்டரிடமே போனோம். டாக்டர் ஆம்டால் என்று புதிதாக வந்திருக்கிற சின்னப் பெண், நிதானமானவள். அங்கே காத்திருக்கிற அறையில் சுவர் முழுக்க யார் படம் என்கிறாய், நம் டில்லிதான். மாவட்டப் பால் சங்கம் போட்ட போஸ்டர், மேலுதட்டில் வெள்ளை மீசையோடு கையில் தம்ளரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சங்கத் தலைவர் உன் அப்பா என்பதால் வந்த வாய்ப்பு. அங்கே இருந்தவர்களிடம் எல்லாம், அது எங்க பொண்ணுதான், எங்க பொண்ணுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தார், அந்தப் பெண்ணோ நாற்காலிக்கு அடியில் இருந்தாள்.

உள்ளே போனதும் டாக்டர் தூக்கம் எப்படி, காலை உதறுகிறாளா, ஒரு நாளைக்கு என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டாள். பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் இவர் மாட்டுக் கண்காட்சியில் கிடாரியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற தோரணையில் ஆரம்பித்துவிட்டார். காலையில எழுந்ததும் ரெண்டு பெரிய தம்ளர் பால், ஸ்கூலுக்கு ஒரு புட்டி பால், வந்ததும் பால், ராத்திரி சாப்பாட்டோட ஒரு ஜாடி பால், படுக்கும்போது சூடா ஒண்ணு, நடுவுல வேணுங்கற அளவுக்குச் சீஸ், எங்க பொண்ணுக்குச் சத்துக்கு ஒரு குறையும் வெச்சதில்ல டாக்டர் என்று. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, சரி, இறைச்சி, பீன்ஸ், கீரை என்று இழுத்தாள். அதுக்கு வயித்துல இடம் ஏது என்று பெருமையாகச் சொன்னார். சாப்பாடு அல்லாத எதையாவது வாயில் போடுகிறாளா என்று அடுத்த கேள்வி. சேச்சே, அந்தப் பழக்கமெல்லாம் எங்க வீட்டுல கிடையாது என்று நானே சொன்னேன். அப்போது நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு குரல், டாக்டர், கன்னுக்குட்டி நக்குற உப்புக்கட்டி சாப்பாட்டுல சேருமா என்று. நீ அதையாடி நக்கின என்று இவர் கேட்க, கன்னு நக்காத பக்கமா பாத்துத்தான்பா, அப்புறம் ஃப்ரீசர்ல இருக்கிற ஐஸ், மண்ணு கொஞ்சூண்டுதான் என்றாள். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. ரத்தம் எடுக்கச் சொன்னாள், இரும்பு, ஈயம், தைராய்டு என்று எழுதிக் கொடுத்தாள். ஊசி குத்தினபோது டில்லி அழவில்லை, இவர்தான் வெளியே போய் நின்றார்.

இரண்டு நாளில் கூப்பிட்டார்கள். மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது, உடம்பில் இரும்பு மட்டும் அடியோடு தீர்ந்துபோயிருக்கிறது என்றாள் டாக்டர். களைப்பு, எரிச்சல், உட்கார முடியாமை, ஐஸும் மண்ணும் தேடுவது எல்லாம் அதனால் வரக்கூடியதாம். ஏன் தீர்ந்தது என்று கேட்டதற்கு, பாலில் இரும்பு இல்லை, வயிறு நிறையப் பாலே இருந்தால் இரும்பு இருக்கிற சாப்பாடு உள்ளே போகாது, போனதையும் பால் ஒட்டவிடாது, நாளைக்கு இரண்டு தம்ளருக்கு மேல் கொடுக்காதீர்கள் என்று மெதுவாகச் சொன்னாள். உன் அப்பா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பால்ல இல்லாத சத்தா டாக்டர் என்றார். ஆமாம், இரும்பு என்றாள் அவள். வீட்டு வாசலில் இறங்கினதும், வெர்னா, இது நம்ம நாலு சுவத்துக்குள்ள இருக்கட்டும், ஜூன் மாசம் நம்ம பண்ணையில ஊருக்கே பால் விருந்து, தலைவன் பொண்ணுக்கே பால் ஆகலைன்னு தெரிஞ்சா நான் எந்த முகத்தோட வர்றவங்களுக்கு அப்பம் சுடறது என்றார். நம் ஊரில் நாலு சுவர் ஏது? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சின் கீழ்த்தளத்தில் காபி குடிக்கும்போதே, உன் அப்பாவைப் பார்த்து, என்ன ஆர்லன், உன் வீட்டுல இப்ப ஆரஞ்சு ஜூஸ்தான் கறக்குதாமே என்று ஆரம்பித்துவிட்டார்கள். ஆர்டிஸ் அத்தை கைங்கர்யம், வேறு யார்.

இரும்பு மருந்தை டில்லி ஆணித் தண்ணி என்கிறாள். ஜூஸோடு கொடுக்கிறேன், கூடவே மாட்டிறைச்சியும் பீன்ஸும். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தும் உன் அப்பா தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் செய்தி வாசிக்கிறார், அதுவும் நான் சாப்பிடும் நேரமாகப் பார்த்து. அவ்வளவு சீக்கிரம் மாற்றம் தெரியாது, மாசக்கணக்கில் ஆகும் என்றும் டாக்டர் சொன்னாள். வாசிக்கும்போது எழுத்துக்கள் இடம் மாறித் தெரிகின்றன என்று டில்லி சொல்கிறாளே, அது வேறு சங்கதியாக இருக்கலாம், இரும்பு வாசிக்கக் கற்றுத் தராது, அதற்குத் தனியாகப் பார்க்க வேண்டும் என்றும் நேராகவே சொன்னாள். எனக்கு அது பிடித்திருந்தது. எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

போன வாரம் கூட்டம். பிரின்சிபால், டீச்சர், இன்னும் இரண்டு பேர், ஓரத்தில் டில்லி. பிரின்சிபாலே பால் விருந்துக் கமிட்டியில் இருக்கிற மனுஷர்தான். ரிப்போர்ட் என் பையில் இருந்தது. டாக்டர் என்னதான் சொன்னார் என்று டீச்சர் கேட்டாள். நான் இவரைப் பார்த்தேன், ரத்தத்தில் ஏதோ குறை என்று மேலோட்டமாகச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். இவர் எழுந்து நின்றுவிட்டார். நான் கூட்டங்களில் இவர் பேசிக் கேட்டிருக்கிறேன், இப்படிப் பேசிக் கேட்டதில்லை. பால்தாங்க காரணம், பாலை ஊத்தி ஊத்திக் கொடுத்தது நான், அவ வயித்துல வேற எதுக்கும் இடமில்லாமப் பண்ணினது நான், இரும்பு காலியான உடம்போட இந்தப் பொண்ணு தினமும் வந்து உங்க நாற்காலியில உட்கார முயற்சி பண்ணியிருக்கா, அதுக்கு அவளை ஊரை விட்டு அனுப்பாதீங்க, கோடை முடியற வரைக்கும் டைம் குடுங்க என்றார். மிஸஸ் ஹால்வர்சன்தான் முதலில் பேசினாள், இங்கேயே இருக்கட்டும், வாசிப்புக்கு நான் ஆள் ஏற்பாடு செய்கிறேன், செப்டம்பரில் மறுபடி பார்ப்போம் என்று. எல்லோரும் சரி என்றார்கள்.

திரும்பி வரும்போது டில்லி நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஆர்டிஸ் அத்தை வீட்டு முனையைத் தாண்டும்போது, அம்மா, அப்ப நான் மக்கு இல்லையா என்று கேட்டாள். அழுதுகொண்டு கேட்கவில்லை நீல்ஸ், மழை வருமா என்று கேட்கிற மாதிரிக் கேட்டாள். எத்தனை நாளாக அதை மனசுக்குள் வைத்திருந்தாளோ. உன் அப்பா வண்டியை ஓரங்கட்டிவிட்டார். நான்தான் சொன்னேன், இல்லடி என் தங்கமே, உனக்கு உடம்பு முடியல, எங்களுக்குத் தெரியல, அவ்வளவுதான் என்று. பிறகு, க்ளாஸ்ல எல்லாருக்கும் நான் மக்குன்னுதான் தெரியும், அவங்ககிட்ட இதைச் சொல்லலாமா, அப்பாவுக்குக் கோபம் வருமா என்றாள். இவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே, நீ சொல்லு, நம்பலைன்னா நான் வந்து சொல்றேன் என்றார். மறுநாள் நிஜமாகவே போனார். பால் சங்கத்துத் தொப்பியைப் போட்டுக்கொண்டு நாலாம் வகுப்பு வாசலில் போய் நின்றார்.

நீயும் இதே ஜாடியில் குடித்து வளர்ந்தவன்தான், அங்கேயும் பால் பண்ணையில்தான் இருக்கிறாய், எதற்கும் ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுது, மறந்துபோயிற்று என்று கதை சொல்லாதே. டில்லிக்குத் தனியாக ஒரு கார்டு போடு, பெரிய எழுத்தில், கொஞ்ச வரிகள் போதும், அவளே வாசிக்கப் போகிறாளாம், நாங்கள் யாரும் கிட்டே வரக்கூடாதாம். ஆண்டவர் உன்னை நோய் நொடி இல்லாமல் காப்பாற்றட்டும், நல்லவர்கள் கண்ணில் நீ படட்டும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா வெர்னா