என் வீட்டுக்குக் கறுப்பு நிறம்

செவ்வாய், இரவு.

இன்று எனக்கு வந்த கோபத்தில் லூபோக் சீனா ஊரே எரிந்திருக்கும். நான் அடக்கிக்கொண்டதால் ஊர் பிழைத்தது. இந்தத் தொகுதியில் என்னைக் கேட்காமல் காக்காகூட ஓட்டுப் போடாது. அப்படிப்பட்ட எனக்கு, கோலாலம்பூரில் இருந்து கட்சி ஆபீசுக்கு வந்திருக்கும் டேட்டா பொண்ணு லேப்டாப்பைத் திருப்பி ஊர் மேப்பைக் காட்டுகிறாள். வெள்ளை வீடு நமக்கு ஓட்டுப் போடும், கறுப்பு வீடு எதிர்க்கட்சிக்கு, சாம்பல் வீடு யோசிக்கிறதாம். என் வீடு கறுப்பு!

"உன் கம்ப்யூட்டருக்குக் கண்ணு அவிஞ்சு போச்சாம்மா?"

"சாரி அங்கிள், போன் சர்வேல வந்த பதில். நாளைக்கு வேட்பாளர்கூட நீங்க நடக்க வேணாம் லா, மேலிடத்துல சொல்லிட்டாங்க."

நான் முன்னால் நடக்காமல் எந்த வேட்பாளர் நம் தோட்டக் குடியிருப்புக்குள் நுழைந்திருக்கிறான்? மேசையில் ஓங்கி அடித்தேன். நாலு காப்பி கிளாஸ் உடைந்தது. சரி, ஒன்று சாய்ந்தது.

வீட்டுக்கு வந்தும் கத்தினேன். "எவனோ நம்ம வீட்டுப் பேருல பொய் சொல்லியிருக்கான்!"

மீன் கழுவிக்கொண்டிருந்த என் மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பொய் இல்லீங்க. ஒரு பொண்ணு போன் போட்டுக் கேட்டுச்சு. இந்தத் தடவை மாத்திப் போடுறேன்னு நான்தான் சொன்னேன்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"ஊரெல்லாம் கதவு தட்டிக் கேட்டீங்க. என்கிட்ட எப்ப கேட்டீங்க?"

நூறு பதில் இருந்தது என்னிடம். எல்லாவற்றையும் எழுதி வைக்க டைரியை எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

விளக்கை அணைக்கச் சொல்கிறாள். அணைக்க மாட்டேன். இது என் வீடு. சரி, பாதி என் வீடு.