துணை வாசித்த காற்று

11:00 – பள்ளி வாசல்
சங்கரவடிவு, வயது பதின்மூன்று. நிலவு விண்படைப் பள்ளி, இறுதித் தேர்வு. தொட்டியில் 120 நிமிடக் காற்று. நடந்தால் ஒன்றரை மடங்கு செலவாகும்.

அளவுமானி என் முதுகில் இருக்கிறது. நான் பார்க்க முடியாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என் துணை ஜெசிந்தா பின்னால் நின்று வாசிப்பாள், நான் 'சரி' என்பேன். என் வானொலி அவளுக்கு மட்டுமே எட்டும். பள்ளிக்குத் தெரிய வேண்டியதை அவள் சொல்வாள். வரும் குரலை உடுப்பே எழுதிக்கொள்ளும். மற்றதை நான் கையுறையோடு தட்டி எழுதுகிறேன்.

இதுவரை முதலிடம் நான். முதலிடத்துக்கு விமானி இருக்கை. இரண்டாமிடம் ரித்விகா. இன்று வாசற்கதவுப் பணி அவளுக்குத்தான். ஜெசிந்தாவின் வானொலிக்குள் புகுந்து வழியனுப்பினாள்:
"உப்பு மூட்டை, வழியில கரைஞ்சிடாத."
அப்பாவுக்குத் தூத்துக்குடி உப்பளத்தில் வேலை. அதனால் அந்தப் பெயர்.

11:30 – பாறை
"எழுபத்தஞ்சு, வடிவு."
என் கணக்கும் அதுதான். இனி நட்சத்திர அளவீடு. கருவியிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. திரும்பி நடக்க 45 வேண்டும். 50 வந்ததும் கிளம்ப வேண்டும்.

11:40
"எழுபது."
என் கணக்கில் 65. அசையாமல் இருப்பதால் குறைவாகச் சுவாசிக்கிறேன் போலும்.

12:00
"அறுபது."
என் கணக்கில் 45. இப்போதே கிளம்ப வேண்டும் என்கிறது கணக்கு. ஆனால் துணையின் வாசிப்பே முடிவானது என்பது விதி.

முதல் மாதம் ரித்விகா கூட்டம் என் தண்ணீரில் உப்பைக் கொட்டியது. ஜெசிந்தா அதில் பாதியைக் குடித்தாள். தன் ஊர்த் தண்ணீரும் இப்படித்தான் என்றாள். அன்றிலிருந்து அவள்தான் என் துணை.

என் கணக்கை விட்டுவிட்டு அவள் எண்ணையே எடுத்துக்கொண்டேன்.

12:20
"அம்பது."
எண்ணுக்குப் பின்னால் சாப்பாட்டுத் தட்டுகள் மோதும் சத்தம். யாரோ சாம்பார் கேட்டார்கள்.

திரும்பிப் பார்த்தேன். இரண்டு ஜோடிக் காலடிகள் வந்திருக்கின்றன. ஒரு ஜோடி திரும்பிப் போயிருக்கிறது. இங்கே நடந்தால் சத்தம் கேட்காது.

போன வாரம் ரித்விகாவின் மேசையில் ஜெசிந்தாவுக்கு இடம் கிடைத்தது. நான் சந்தோஷப்பட்டேன்.

12:22
நான் அனுப்பியது: "ஜெசி, நீ சாப்பாட்டு ஹால்ல இருக்க. எனக்கு உண்மையில இருபத்திமூணு நிமிஷம்தான். ஊர்தி வர பன்னிரண்டு ஆகும். பயிற்சியாளர்கிட்ட சொல்லு. உன்னைக் காட்டிக் கொடுக்க மாட்டேன்."

"லேட்டா வந்தா மார்க் குறையும், அவ்ளோதான்னு ரித்விகா சொன்னா. ரிசர்வ் காத்து இருக்கும்ல?"

"தேர்வு உடுப்புல ரிசர்வ் கிடையாது. வாசிக்கத்தான் துணை இருக்காளேன்னு எடுத்துட்டாங்க."

ரித்விகாவின் குரல்: "நடிக்குது. நீ அடுத்த நம்பரப் படி."

நடந்தால் பாதி வழியில் விழுவேன். உட்கார்ந்தால் 12:45 வரை தாங்கும். 12:33க்குள் ஜெசி எழுந்து போய்ச் சொன்னால் போதும். உட்காருகிறேன்.

12:30
"நாப்பத்தஞ்சு."
மெதுவாகச் சொன்னாள். இன்னும் மூன்று நிமிடம் இருக்கிறது. அவள் உப்புத் தண்ணீர் குடித்தவள்.

12:33
பள்ளிப் பக்கம் ஊர்தி விளக்கு இல்லை.

12:38
இன்னும் இல்லை. இதை எடுப்பவருக்கு: நட்சத்திர அளவீடுகள் சரியானவை. இரண்டு முறை பார்த்தேன். மதிப்பெண்ணை அப்பாவுக்கு அனுப்புங்கள்.

12:40
"நாப்பது."
'சரி' என்று சொல்லிவிட்டேன். பழக்கம்.
என் கணக்கை நான் விட்டிருக்க

12:50 – உடுப்பின் தானியங்கிப் பதிவு
"முப்பத்தஞ்சு, வடிவு."
பதில் இல்லை.

13:00 – உடுப்பின் தானியங்கிப் பதிவு
"முப்பது. சரின்னு சொல்லு."
பதில் இல்லை.

13:10 – உடுப்பின் தானியங்கிப் பதிவு
"இருபத்தஞ்சு. கோவமா? சரின்னு மட்டும் சொல்லுடி. ரித்விகா, இவ சரி சொல்ல மாட்டேங்கிறா."
பதில் இல்லை.