அக்காவின் கணினி கரகரத்தது பற்றி மச்சானுக்கு

அன்பும் கொஞ்சம் மன்னிப்பும் கலந்து, மச்சானுக்கு,

நீங்கள் கண்ணை மூடிய பிறகு சிகாமட் ஆறு ஒருமுறை வெள்ளமாக வீட்டுக்குள் வந்து பார்த்துவிட்டுப் போனது. அக்காவின் கணினி அதோடு முடிந்தது. கண் தெரியாதவளுக்குத் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும்படி நீங்கள் அமைத்துக் கொடுத்த கணினி. அதை வைத்துத்தான் அவள் வீட்டிலிருந்தே ஒரு பல் கிளினிக்கின் முன்பதிவுகளைப் பார்த்துவந்தாள்.

புதிதாக ஒன்று வாங்கினேன். உள்ளே ஆகப் புதிய செயலிச் சில்லு என்றார் கடைக்காரர். அதுதான் வினை. நீங்கள் பாசத்தோடு தூக்கிச் சுமந்த திறந்தமூல இயங்குதளத்துக்கு அந்தச் செயலியை இன்னும் யாரும் அறிமுகம் செய்துவைக்கவில்லை. குரல் வந்தது, எண்ணெயில் போட்ட அப்பளம்போலப் பொரிந்துகொண்டு. அந்தப் பொரிசலில் அக்கா ஒரே நேரத்துக்கு இரண்டு பேரைப் பதிந்துவிட்டாள். மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆள் பார்ப்பதாகக் கிளினிக்கில் மிகுந்த மரியாதையோடு சொன்னார்கள்.

காசு கொடுத்து வாங்கும் இயங்குதளத்துக்கு மாறிவிடலாம் என்றேன். உங்களை இருபது வருடம் கிண்டல் செய்தவன் வேறென்ன சொல்வான்?

"அவரு போட்டுக் குடுத்ததுலதான் என் விரலுக்கு வழி தெரியும். நீ அதையே சரி பண்ணு" என்றாள்.

ஆகவே இணையத்தில் உங்கள் ஆட்களிடம் போனேன். முகம் தெரியாத, சம்பளம் வாங்காத, கேள்வி மட்டும் தாராளமாகக் கேட்கிற மனிதர்கள். இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். பொரிசல் குறைந்தது, போகவில்லை. குரல் ஓயும் இடைவெளியில் செயலி மின்சாரம் மிச்சம்பிடிக்கக் கண்ணயர்கிறது, விழிக்கும்போது ஒலி தடுக்கி விழுகிறது என்று ஒருவர் கண்டுபிடித்துத் திருத்தம் எழுதி அனுப்பினார். போட்டேன். கேட்டேன். "சரியாகிவிட்டது, நன்றி" என்று பெருந்தன்மையோடு பதில் எழுதினேன்.

மறுநாள் காலை அக்கா கூப்பிட்டாள்.

"யாரக் கேட்டு சரியாயிடுச்சின்னு எழுதுன? குரல் இன்னும் தட்டுது லா தம்பி. உனக்கு காது இருக்கு, அவ்வளவுதான்."

நான் சோதித்தது சாதாரணப் பேச்சின் வேகத்தில். அவள் கேட்பது அதைப்போல் மூன்று மடங்கு. எனக்கு அது பேச்சாகவே கேட்பதில்லை. இது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஏன் ஒருநாளும் சொல்லவில்லை?

உலகம் பார்க்க மன்னிப்பு எழுதினேன். அதன்பின் எந்த வேகத்தில், எந்த இடத்தில், எத்தனை முறை தட்டுகிறது என்று அக்கா சொல்ல, நான் தட்டச்சு செய்தேன். நான்காவது திருத்தம் வந்தது. அரை மணி நேரம் முன்பதிவுகளை ஓடவிட்டுக் கேட்டாள். பிறகு, "இப்ப எழுது" என்றாள்.

மாதம் முடிய மூன்று நாள் இருந்தது. வேலை நிலைத்தது.

சோதித்தவரின் பெயரையும் திருத்தத்தில் குறிப்பிடுவது அங்கே வழக்கமாம். அடையாள அட்டையில் உள்ளபடி, நடுவில் 'ஏ/பி'யோடு கொடுக்கச் சொன்னாள் அக்கா. அது என்ன பட்டம் என்று கேட்டார் திருத்தம் எழுதியவர். இன்னாருடைய மகள் என்று பொருள் என விளக்கினேன். இருபது வருடம் அந்த இயங்குதளத்துக்காக எங்களோடு வாதாடிய உங்கள் பெயர் அங்கே எங்கும் இல்லை, மச்சான். அவள் பெயர் இருக்கிறது. பொறாமைப்படுவீர்களா, ஊரெல்லாம் சொல்லித் திரிவீர்களா?

அடுத்த பதிப்பு வரும். ஏதாவது கெடும். கெடட்டும். அவள் கேட்டு முடிக்கும்வரை "சரி" என்று ஒரு வரியும் எழுதமாட்டேன். இது உறுதி.

உங்கள் மைத்துனன்,
இப்போது அக்காவின் தட்டச்சாளன்