பெருச்சாளி புல் தின்ற குற்றத்துக்கு மடையடைத்த மன்னருக்கு

திரு வளர்க. ஏழு ஏரிக்கும் இரண்டு கடல்துறைக்கும் உரியவளும், நாரைக்கொடி உயர்த்தியவளும், கணவர் விண்ணெய்திய நாள்முதல் ஒன்பது ஆண்டாக நெடுங்கரை நாட்டைக் காத்து வருபவளுமான புவனிவல்லி நாச்சியார், மேல்மலை நாட்டின் அதிபதியும், செம்பாற்றுத் தலைமடைக்குக் காவலரும், வாக்குத் தவறாதவர் என்று தம் மெய்க்கீர்த்தியில் தாமே பொறித்துக்கொண்டவருமான செங்கடம்ப மன்னருக்கு விடுக்கும் ஓலை. உம் குன்றுகளில் மழை பொழிக. உம் குடிகள் நலமே வாழ்க. அவர்கள்மேல் நமக்கு யாதொரு கோபமும் இல்லை. கோபம் முழுவதும் உம்மேல்தான்.

இரு நாட்டு வழக்கம் உமக்குத் தெரியாததன்று. மேல்மலையார் ஓர் உயிரைப் பிணையாகத் தருவதும், நெடுங்கரையார் அதை ஓராண்டு பேணுவதும், மார்கழி முழுமதியன்று இருதிறத்தார் முன்னிலையில் அதைத் தராசில் இடுவதும், தந்த நிறைக்குக் குறையாதிருந்தால் செம்பாற்று மடை அடுத்த ஆண்டும் திறந்திருப்பதும் நம் பாட்டன்மார் செய்த உடன்படிக்கை. முன்பெல்லாம் கன்றுக்குட்டி வந்தது, மான் வந்தது; எல்லாம் கொழுத்துத் திரும்பின. சென்ற ஆண்டு நீர் அனுப்பியது கடல் வணிகர் கொணர்ந்த சீமைப் பெருச்சாளி: வாலில்லை, முயலுக்குப் போல மென்மயிர், இரு கையில் அடங்கும் உடல், நிறை முப்பது பலம். பொற்கூண்டும் வந்தது, கூடவே உம் கைச்சாத்திட்ட ஓலையும் வந்தது.

இது அரசப் பிணையாதலால் இதன் முன் புல் இடுவது மேல்மலைச் சிங்காதனத்தை இகழ்வதாகும் என்றும், நெய்யிட்ட பாற்சோறும் வெல்லப்பாகும் வாழைக்கனியுமே ஊட்டத்தக்கவை என்றும் அதில் எழுதியிருந்தீர். நாமும் நம்பினோம். நம் அரண்மனைக்காரர் மட்டும் சளைத்தவர்களா? மரியாதை என்றால் தலைகால் புரியாத கூட்டம் அது. வெள்ளித் தட்டில் பாற்சோறு வைத்து, பட்டுக்குடை பிடித்து, காற்றில் ஒரு புல்லிதழ் பறந்து வந்தாலும் பொறுக்கி எறிந்தார்கள். அந்த மடமை நம்முடையது, மறைக்க மாட்டோம்.

ஐப்பசியில் அது இளைக்கத் தொடங்கியது. முப்பது பலம் இருபத்தாறாயிற்று, பிறகு இருபத்துமூன்று. கார்த்திகை பிறந்தபோது பத்தொன்பது. தடவினால் எலும்பு கையில் இடறியது. உம் தூதர் வாணராயர் வந்து பார்த்து, பிணை மெலிந்தால் மடை அடைபடும் என்பதை நினைவூட்டவே வந்ததாகப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு உரைத்துப் போனார். நெடுங்கரையின் நாலாயிரம் வேலி நெல் மார்கழியில் பால் பிடிக்கும். அப்போது தண்ணீர் நின்றால் அத்தனையும் பதர். பதரைத் தின்று எந்தக் குடி பிழைக்கும்?

மருத்துவர் நால்வர் வந்தனர். ஒருவர் கண்ணேறு என்றார், ஒருவர் ஊர் ஏக்கம் என்றார். குதிரை லாயத்துக்குப் புல்லறுக்கும் சிறுதேவி என்பவள்தான் போகிற வழியில் கூண்டருகே நின்று பார்த்து, அதற்குப் பசி இல்லாமல் இல்லை, சோற்றிடம் ஓடுகிறது, கவ்வுகிறது, நழுவ விடுகிறது, மோவாய் எப்போதும் நனைந்திருக்கிறது, ஆகவே நோய் வயிற்றில் அன்று, வாயில் என்று விண்ணப்பித்தாள். வாயைத் திறந்து பார்த்தோம். அடப் பாவமே! கடைவாய்ப் பற்கள் இருபுறமும் நீண்டு வளைந்து நாவின்மேல் கவிந்து கிடந்தன. இவ்வுயிரின் பல் சாகும்வரை வளருமாம். நாள் முழுதும் புல்லை அரைத்தால்தான் தேயுமாம். பாற்சோற்றில் எதைத் தேய்ப்பது?

சிறுதேவி தலையைப் பிடித்துக்கொள்ள, தட்டார் கொற்றனார் மூக்குத்திக்கு மெருகிடும் மெல்லிய அரத்தால் மூன்று நாள் சிறிது சிறிதாக அப்பற்களை அராவினார். வாய் புண்பட்டு, மேலும் ஒரு பலம் குறைந்து பதினெட்டானபோது நாம் அரியணையில் இருந்தபடியே அழுதோம். அவள் அழவில்லை. அறுகம்புல்லை உலர்த்தி இடித்துச் சலித்து, நெல்லிக்காய்ச் சாற்றில் குழைத்து, பச்சைப்பிள்ளைக்குப் பால் புகட்டும் பாலாடையால் கடைவாயோரம் சொட்டுச் சொட்டாக நாளொன்றுக்கு எட்டு வேளை புகட்டினாள். பரிவு மேலிட்டு நாம் ஒருமுறை வேகமாக ஊற்றப் போக, புரையேறிச் செத்துப்போகும் என்று நம் கையையே தட்டிவிட்டாள். காலைதோறும் ஒரே வேளையில் நிறுத்தாள். நான்கு நாள் முள் அசையவில்லை. ஐந்தாம் நாள் கால் பலம் ஏறியது. பதினோராம் நாள் அவள் மடியிலிருந்த புற்கட்டிலிருந்து ஓர் அறுகைத் தானே இழுத்துக் கடித்து மொறுமொறுவென்று அரைத்தது. லாயமே கூடி நின்று கூத்தாடியது.

மார்கழி முழுமதியன்று தராசு முப்பது பலமும் காலும் காட்டியது. உம் தூதர் மூன்று முறை எடைக்கல்லை மாற்றிப் பார்த்தார், பெருச்சாளி மாறவில்லை. உடனே அவர், அரசப் பிணை புல் தின்றது, அதுவும் லாயத்துப் பெண்ணின் கையால் தின்றது, ஆகவே பிணை இகழப்பட்டது என்று அறிவித்து, ஆள் ஓட்டி, மறுநாளே மடையை அடைக்கச் செய்தார். அவருடைய பல்லக்கைச் சுமந்து வந்தோரோ, உம் நந்தவனத்தில் இவ்வினத்து உயிர் நாற்பது விடிந்தது முதல் புல் மேய்கின்றன என்றும், அவற்றுக்குச் சோறு வைப்பவனுக்கு நீரே கசையடி விதித்திருக்கிறீர் என்றும் நம் ஆட்களிடம் சொல்லிவிட்டனர். ஆக, தெரிந்தேதான் எழுதியிருக்கிறீர். ஒரு வாயில்லா உயிரைப் பட்டினி போட்டு நெடுங்கரை வயலைக் காயவைக்கப் பார்த்தீர். சீ, வெட்கமாயில்லையா உமக்கு? பகை வேண்டுமென்றால் முரசறைந்து வந்திருக்கலாமே!

ஆகையால் நாம் உரைப்பது: இவ்வோலை கண்ட பொழுதே தலைமடை திறக்கப்படுக. பெருச்சாளி உம்மிடம் திரும்பாது. பசியை ஆயுதமாக்கிய கையில் எந்த உயிரையும் இனி ஒப்புவிப்பதற்கில்லை. சிறுதேவிக்குப் பிணைக்காவல் அதிகாரி என்று பட்டம் கட்டியிருக்கிறோம். அவள் பொறுப்பில் அது மேயும், அதன் நலம் அறியவே நிறுக்கப்படும். மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்குள் எம் கால்வாய் நனையாவிடில், நாலாயிரம் வேலி உழவரும் கடப்பாறையோடு மலையேறுவர். அவர்களுக்கு முன்னே நாம் வருவோம். உம் மடைக்கதவு மரம் என்பதை மறவாதீர்.

மார்கழித் திங்கள் தேய்பிறை மூன்றாம் நாள், நாம் சொல்ல ஓலைநாயகம் மாறன்சேந்தன் எழுதி, வாசிக்கக் கேட்டு ஒப்பி, நாரை முத்திரை இட்டது. மறுவோலை வேண்டா. தண்ணீர் வந்தால் போதும்.